ஒண்டு, கரண்ட் இருக்கோ?

இலங்கை மலையகத்துப் பதுளையில் எந்தப் பொருள் பழுதானாலும் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். தட்டாமல் கேள்வி கேட்டுப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஒண்டு மாஸ்டர்தான். நான் நன்கு யோசித்த பிறகே இதை எழுதுகிறேன். இரண்டாமவர் ஒருவர் இருந்ததாக என் நாட்குறிப்புகளில் இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கடைவீதியில் ஒரு புடவைக்கடையின் மாடியில் இலவசக் கணினி வகுப்பு நடந்தது. யாரோ கழித்துக் கொடுத்த ஐந்து கணினிகள். வேறு மென்பொருள் வாங்க வழியில்லாததால் ஐந்திலும் இலவச லினக்ஸ். பழுதுகளையும் திருத்தங்களையும் பதியும் வேலைப் புத்தகத்தை நான் எழுதினேன். மாஸ்டர் கற்பித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு வேலையாக வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை.

எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒன்பது கேள்விகள் இருந்தன. ஒன்று என்பதை யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘ஒண்டு’ என்று எண்ணித் தொடங்குவார்; முதல் கேள்வி மாறாதது: "ஒண்டு, கரண்ட் இருக்கோ?" திரை எரிந்துகொண்டிருந்தாலும் கேட்பார். பதிலை வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. இடையில் யாராவது வேறு பேச்சுப் பேசினால் விரலை உயர்த்தி, "ஒண்டிலயிருந்து" என்று முதல் கேள்விக்கே திரும்பிவிடுவார். எட்டாவது கேள்வியில் நிற்கும்போது, வகுப்பறையைப் பெருக்கித் தேநீர் ஊற்றும் ராமையா "மாஸ்டர், டீ போடவா?" என்று கேட்டுவிட்டால் அரைமணி நேரம் போயிற்று. ஒரு பிரிண்டருக்காக ஒரே நாளில் ஏழுமுறை கரண்டைப் பற்றி விசாரித்தது வேலைப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

பசறைக்குப் போகும் பஸ் ஒருமுறை ஏற்றத்தில் நின்றுவிட்டது. மாஸ்டர் இறங்கிப்போய் சாரதியிடம் அமைதியாக, "ஒண்டு, டீசல் இருக்கோ?" என்றார். இருபது வருடமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று சாரதி சத்தம் போட்டார். டீசல் இல்லை.

செல்லம்மா அக்கா வந்தது ஒரு புதன்கிழமை, பகல் இரண்டு மணிக்கு. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கைப்பையில் துணி சுற்றிய ஒரு சீடி. அவருடைய கணவர் அந்தத் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குப் பாடியவர். முந்தைய ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் அவர் பாட்டைப் பதிந்து போயிருந்தாள். சொன்ன சொல் தவறாமல் சீடியாக அனுப்பினாள். அது வந்து சேர்ந்தபோது பாடியவர் இல்லை.

"நாளைக்குக் கருமாதிங்க," என்றார். "எங்க லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் அவரு குரலக் கேக்கணும்னு சொல்லியிருக்கேன். கடையில போட்டுப் பாத்து, வெத்துத் தட்டுன்னு சொல்லிட்டாங்க."

வீட்டில் எழுதிய சீடிகளைப் பழைய பிளேயர்கள் படிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் கணினி படித்தது. திரையில் நொடிகள் ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை. தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு.

"ஒண்டு, கரண்ட் இருக்கோ?"

"இருக்கு," என்றேன்.

ஸ்பீக்கர் செருகியிருந்தது. லினக்ஸில் சீடிக்கென்று தனியாக ஒரு ஒலியளவு உண்டு, அது பூச்சியத்தில் கிடந்தது. மாஸ்டர் ஏற்றினார். சத்தமில்லை. சீடி டிரைவைத் தொட எங்கள் பயனர் பெயருக்கு அனுமதி இருந்தது. நான் என் பங்குக்கு, சீடியை மவுண்ட் செய்து, அதாவது ஒரு கோப்புறைபோலத் திறந்து பார்க்கலாமே என்றேன். பாட்டு சீடியில் கோப்புகள் இல்லை, அதை மவுண்ட் செய்ய முடியாது என்று விளக்கிவிட்டு விரலை உயர்த்தினார். ஒண்டிலிருந்து. மணி இரண்டே முக்கால்.

ஏழாவது கேள்வி: டிரைவின் முகப்பிலேயே ஒரு சிறு துளை இருக்கிறது, அதில் ஹெட்போனைச் செருகினால் கேட்கிறதா? செருகி, அதை அக்காவின் காதில் வைத்தார்.

அக்கா ஹெட்போனைக் கையால் காதோடு பொத்திக்கொண்டார். பிறகு, "இவருதாங்க," என்றார்.

ஆக, சீடியும் நல்லது, டிரைவும் நல்லது. எட்டாவதாகப் பெட்டியைத் திறந்தார். டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் பாட்டைக் கொண்டுபோகும் மெல்லிய வயர் இல்லவே இல்லை. மற்ற நான்கு கணினிகளிலும் இல்லை. ஒன்பதாவதாக, அந்த வயரில்லாமல் கணினியே சீடியைப் படித்து ஒலிக்கும்படி மாற்றினார். ஸ்பீக்கரில் குரல் வந்தது. ஆனால் பழைய கணினி அல்லவா, ஒவ்வொரு சொல்லும் மூன்றாக உடைந்து வந்தது. அக்கா சற்றுக் கேட்டுவிட்டு, "அவரு திக்கமாட்டாருங்க," என்றார்.

ஒன்பது கேள்விகளும் முடிந்திருந்தன. பத்தாவது கேள்வி அவரிடம் இருந்து நான் கண்டதில்லை. அன்று கேட்டார்.

"அம்மா, தோட்டத்தில கேசட் ரேடியோ இருக்கோ?"

"எல்லா வீட்டுலயும் இருக்குங்க."

ஆங்கில உச்சரிப்பு வகுப்புக்கு வைத்திருந்த கேசட் ரெக்கார்டரை எடுத்து வந்தார். இரண்டையும் இணைக்க வயர் கிடையாது. ஹெட்போனின் சத்தத்தை முழுதாக ஏற்றி, ரெக்கார்டரின் மைக் துளைமேல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜன்னல்களை அடைத்தோம். ராமையாவைப் படியில் காவலுக்கு நிறுத்தினோம், ஒருவரையும் ஏறவிடாமல் தடுப்பதற்காகப் பாதி, அவர் வாய்க்காகப் பாதி.

"பாட்டு நாப்பது நிமிஷம். ஒருத்தரும் கதைக்கக்கூடாது," என்றார். மணி நான்கு. இன்னொரு முறை ஒண்டிலிருந்து தொடங்கினால் பஸ் போய்விடும்.

இருபதாவது நிமிடத்தில் இன்னொரு குரல் கேட்டது. அக்கா தம்மை அறியாமல் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். கணவர் ஒரு அடி எடுக்க, இவர் அதைத் திருப்பிச் சொல்ல, முப்பது வருடப் பழக்கமாக இருக்க வேண்டும். நான் மாஸ்டரைப் பார்த்தேன். விரல் உயர்ந்தது. பாதியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டது. பாட்டு முடியும்வரை அவர் கையை மாற்றவில்லை.

கேசட்டோடு அக்கா பஸ்ஸைப் பிடித்தார். வேலைப் புத்தகத்தில் "சரிசெய்யப்படவில்லை" என்று எழுதச் சொன்னார் மாஸ்டர். கணினியைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. எழுதினேன்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். செல்லம்மா அக்கா அடையாளம் கண்டு வீட்டுக்கு அழைத்துப்போய்க் கேசட்டைப் போட்டார். முதலில் இரைச்சல். அதன்பின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல்: "ஒண்டு, கரண்ட் இருக்கு." பொத்தானை அழுத்தியதும் பழக்கத்தில் சொல்லியிருக்கிறார். அன்று எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"மகன் இத போன்ல ஏத்துனப்ப முன்னால உள்ளத வெட்டிடலாம்னான்," என்றார் அக்கா. "வெட்டாதடான்னுட்டேன். அந்த ஐயா சொன்னாத்தான் இவரு பாட ஆரம்பிப்பாரு."

நாற்பது நிமிடமும் கேட்டோம். முடிந்ததும் அக்கா கேசட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"இன்னொரு தடவ போடுங்கக்கா," என்றேன். "ஒண்டிலயிருந்து."