சீமாட்டிக்கு ஒரு பூட்டு

பூட்டுக்காரர் ஒரு காலில் செருப்பும் மறு காலில் சாக்ஸுமாகப் பின்வாசலுக்கு ஓடியபோது, சீமாட்டி துணி காயப்போடும் கம்பத்தின் உச்சியில் இருந்தாள். கீழே அந்தச் சாம்பல் நிறக் கடுவன் பூனை, அவசரமே இல்லாமல் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் தாதா வந்துட்டானா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துட்டான். ஏணியை எடு."

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக ஏணி வெளியே வந்தது. சீமாட்டி அவர்கள் வளர்க்கும் வெள்ளைப் பூனை. பழைய வீட்டில் மதில்மேல் ராஜநடை போட்டவள். இங்கே குடிவந்த இந்த மூன்று மாதமாகத் தோட்டத்தில் கால் வைத்தால் போதும், தாதா என்று அவர்கள் பேர் வைத்த அந்தக் கடுவன் எங்கிருந்தோ முளைத்துவிடுவான். மூக்கில் கீறல். வாலில் ஒரு கொத்து முடியைக் காணோம். நேற்றிலிருந்து சாப்பாட்டையும் தொடவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீமாட்டியை மடியில் அமுக்கி, மூக்கில் மருந்து வைத்துக்கொண்டே சொன்னாள். "இதோ பாருங்க. ஒண்ணு அந்தத் தாதா இந்தப் பக்கம் வரக்கூடாது. இல்லேன்னா நாம வேற வீடு பாக்கணும்."

பூட்டுக்காரர் இந்த வீடு கிடைக்கவே ஒரு வருஷம் நாயாக அலைந்திருந்தார்.

அன்றைக்கே இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலுடன் செடி மறைவில் உட்கார்ந்தார். தாதா வந்தான். பூட்டுக்காரர் குறிபார்த்து அழுத்தினார். காற்று திசைமாறியது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு வயலின் டீச்சரின் தலை மெல்ல எழுந்தது. மூக்குக்கண்ணாடியில் நீர் சொட்டியது.

"சார், நான் காலைலயே குளிச்சுட்டேன்."

"மன்னிச்சுக்குங்க டீச்சர். பூனைக்கு அடிச்சது."

"பூனை காய்ஞ்சு போய்த்தானே உக்காந்திருக்கு?"

உண்மைதான். தாதா ஒரு துளிகூடப் படாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நனைந்தது டீச்சரும், பாட்டிலைக் கண்டு அலறி ஓடியதில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த சீமாட்டியும்தான். அதன்பிறகு இரண்டு நாள் அவள் பூட்டுக்காரர் இருக்கும் அறைக்குள்ளேயே வரவில்லை.

"விடுங்க, உங்களால ஆகாது" என்றாள் மனைவி.

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "நான் போட்ட பூட்டைத் திறக்க இன்னும் ஆள் பொறக்கல. கேவலம் ஒரு பூனையா?"

சீமாட்டி ஆபத்து என்றால் சட்டென்று உள்ளே ஓடிவர வேண்டும்; தாதா வர முடியக்கூடாது. பின்கதவின் அடியில் யாரோ ஒரு பலகையை ஆணியடித்து வைத்திருந்தார்கள். பிடுங்கிப் பார்த்தால் பின்னால் சதுரமாக ஓர் ஓட்டை.

"நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரு, அறுக்கிற வேலைகூட மிச்சம்" என்று சின்னக் கதவொன்று மாட்டினார். உள்ளேயிருந்து தள்ளினால் தானே திறக்கும். வெளியேயிருந்து திறக்க, சீமாட்டியின் கழுத்துப்பட்டையில் தொங்கும் காந்தம் வேண்டும்.

காந்தம் அருமையாக வேலை செய்தது. முதல் நாள் சீமாட்டி ஒரு ஸ்பூனையும் இரண்டு ஆணியையும் கழுத்தில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் கலகலவென்று நடந்தாள். இரண்டாம் நாள் சாப்பாட்டுக் கிண்ணமே கூடவே வந்தது. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்த பூட்டுக்காரர், அவள் பின்வாசலில் நின்று கதவைப் பிறாண்டுவதைப் பார்த்தார். கழுத்தில் பட்டை இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவருடைய நாற்காலியில், அவருடைய ஸ்வெட்டரின் மேல், தாதா காலை நீட்டிப் படுத்திருந்தான். சீமாட்டி உள்ளே நுழையும்போது அவள் வாலைப் பிடித்தபடியே நுழைந்திருக்கிறான். அவள் பயந்து வெளியே பாய்ந்ததில் பட்டை கழன்று உள்ளே விழுந்துவிட்டது. வெளியே போக யாருக்கும் தடையில்லை. தாதாவுக்குத்தான் மனசில்லை.

"மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கிடக்கிறானே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் மனைவி. "நீங்க போட்ட பூட்டு நம்ம பூனையை வெளியில நிறுத்திடுச்சு."

"இவனைச் சொல்லிக் குத்தமில்லை. வளர்க்கிறவங்களைச் சொல்லணும். இன்னைக்கு அவங்க யாருன்னு கண்டுபிடிச்சு, நேர்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

தடித்த கையுறை போட்டுக்கொண்டு, துணிக்கூடையைக் கேடயம்போல் பிடித்தபடி நெருங்கினார். தாதா எழுந்து சோம்பல் முறித்து, தானாகவே கூடைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டான். பூட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பூனையின் தோலுக்கடியில் வளர்ப்பவர் விலாசம் பதிந்த சிப் இருந்தால் படித்துச் சொல்லும் பூனை டாக்டரின் கிளினிக் வரை கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'கண்டிச்சு வளர்க்கத் தெரியாதா? அடுத்தவங்க வீட்டுல நுழையறோம்னு கொஞ்சமாவது உறுத்தல் வேணாமா?' கடைசிக் கேள்வி அவருக்கே மிகவும் பிடித்திருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண், தன் விலாசம், குடிவந்து மூன்று மாதம், சீமாட்டி படும் பாடு என்று அவர் எழுதி நிரப்பிய தாளை வாங்கி வைத்துவிட்டு, தாதாவின் தோள்மேல் ஒரு கருவியை ஓட்டினாள். பீப் என்றது.

"சிப் இருக்கு சார். விலாசமும் வருது."

"சொல்லும்மா. இப்பவே போறேன்."

"பதினேழு, மூணாவது குறுக்குத் தெரு."

"அது நான் தாள்ல எழுதின என் விலாசம்மா. இந்தப் பூனையோட விலாசத்தைச் சொல்லு."

அவள் ஒருமுறை தாளைப் பார்த்தாள், ஒருமுறை திரையைப் பார்த்தாள்.

"பூனையோடதைத்தான் சொல்றேன் சார். ஆறு வருஷமா இதுக்கு அதே வீடுதான். நீங்கதான் உங்க பூனையோட போய் அங்க நுழைஞ்சிருக்கீங்க."