ராணிக்கோட்டை சென்டும் அடுத்தவர் தோலும்

அடுத்தவர் தோலில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். புதுப் பல்பொடியை மைத்துனன் வாயில் போட்டுப் பார்க்கிறவர், மூட்டுவலித் தைலத்தை எதிர்வீட்டுக்காரர் முழங்காலில் அழுத்தித் தேய்த்துவிட்டு, "எரியுதா? எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்கிறவர், எரியவில்லை என்று சொன்னால், "பாத்தீங்களா, எரியவே எரியாது" என்று அதற்கும் மார்தட்டிக்கொள்கிறவர். எப்படிப் போனாலும் அவருக்கு வெற்றிதான். உடம்பு வேறொருவருடையது, பிறகென்ன?

செஞ்சிக் கடைவீதியில் வாசனைச் சாமான் கடை வைத்திருந்த சீதளநாத நயினார் இந்த இனத்தின் திலகம். ஊதுபத்தி, ஜவ்வாது, பன்னீர் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, அறுபத்தேழாம் வருஷக் கோடையில், தேர்தல் சுவரெழுத்துகள்கூட இன்னும் அழியாத சமயத்தில், சொந்தமாக ஒரு சென்ட் தயாரிக்கும் ஆசை வந்துவிட்டது. பட்டணத்திலிருந்து எசென்ஸ் புட்டிகளை வரவழைத்தார். மல்லிகையில் கொஞ்சம், தாழம்பூவில் கொஞ்சம், "எடுப்பா இருக்க வேணாமா?" என்று லவங்கப்பட்டைத் தைலத்தை மட்டும் தாராளமாக ஊற்றிக் கலக்கினார். ஊர் மலைக்கோட்டையை நினைத்து 'ராணிக்கோட்டை' என்று பெயரும் வைத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து ஒரு வாரப் பத்திரிகை அவர் கையில் அகப்பட்டது. மேல்நாட்டில் வாசனைப் பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடுவதில்லையாம். ஒவ்வொன்றையும் தோலில் தடவி, மேலே துணி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கிறார்களாம். சிவப்போ அரிப்போ இல்லை என்றால்தான் கடைக்கு வருமாம். முதலில் முயலுக்குத்தான் தடவுவார்களாம். கட்டுரை அடுத்த பக்கத்திலும் தொடர்ந்தது. நயினார் தொடரவில்லை. இந்த இனத்துக்கு முதல் பக்கம் போதும்.

"முயலா?" என்று பதறிப்போனார். "வாயில்லா ஜீவனாச்சே! அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

சமணர் அல்லவா, உயிர்களிடத்தில் அவருக்கு அவ்வளவு இரக்கம். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டார். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொட மாட்டார். ஆகவே முயல்களை விட்டுவிட்டு, மனைவி ராஜமதியின் முன்கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்தால், தோல் செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"எரியுதுங்க" என்றாள் ராஜமதி.

"அடுப்புப் பக்கம் போனியா?"

"போவாம சோறு எங்கேர்ந்து வரும்?"

"அதான். சூடு. இது கணக்குல சேராது."

அடுத்து, பக்கத்து இரும்புக்கடை துரைராஜ். "இன்னா நயினாரே இது, ராவெல்லாம் சொறிஞ்சிக்கினே கெடந்தேன்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ராத்திரி சாப்ட்டீங்களா?"

"சாப்டாம?"

"அதான்! பொழுது சாஞ்சி சாப்ட்டா ரத்தம் கெட்டுப்பூடும். இதுவும் சேராது."

மேல்மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் பிடிக்க நின்ற கூட்டத்தில், எந்த ஊர் என்றே தெரியாத ஜனங்களின் மணிக்கட்டில் எல்லாம் தடவி அனுப்பினார். அரிக்கிறது என்று சொல்ல ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அது மட்டும் கணக்கில் சேர்ந்தது.

இதையெல்லாம் ராஜமதி பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் லீலாவதிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஏற்கெனவே இரண்டு வரன் கைநழுவிப் போயிருந்தது. இப்போது பார்த்திருந்த வீடூர் பள்ளிக்கூட வாத்தியாரை லீலாவதிக்கே மனசுக்குப் பிடித்திருந்தது. பெண் அடுக்களையில் தனக்குத் தானே சிரித்துக்கொள்வதைத் தாய் கவனித்திருந்தாள். இப்படியிருக்க, நிச்சயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நயினார் உள்ளே வந்து, முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"பூசுற சந்தனத்துல நம்ம ராணிக்கோட்டையக் கலந்துடப் போறேன். ஊரு சனம் மொத்தமும், ஒரே நேரத்துல! மேல்நாட்டுக்காரனுக்குக்கூட இந்த வசதி கெடையாது."

சந்தனம் பூசிக்கொண்ட சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்து சொறிவது ராஜமதியின் கண்முன்னே வந்தது.

"ஏங்க, ஒருவாட்டியாவது உங்க கையில தடவிப் பாத்தீங்களா?"

"நானா? ஆராய்ச்சி பண்றவன் நடுநிலையா இருக்கணும். அவனே தடவிக்கினா அப்புறம் நடுநிலை எங்க இருக்குது?"

அவளுக்கு வந்த கோபத்தில் சந்தனக்கட்டை கையிலேயே உடைந்திருக்கும். ஆனாலும் உட்கார்ந்து இழைத்தாள். ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய இழைத்து அவரிடம் கொடுத்தாள். அவர் ஆசை தீரக் கலந்துகொண்டார். அவர் கடை சாத்தப் போனதும் இன்னொரு கிண்ணம் இழைத்தாள். அது பித்தளை. அதில் சந்தனம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் வந்தவர்களுக்கெல்லாம் பித்தளைக் கிண்ணம் சுற்றி வந்தது. நயினார் வாசல் வரவேற்பில் இருந்ததால் பார்க்கவில்லை. சம்பந்திகள் ஒருவருக்கொருவர் சந்தனம் பூச வேண்டிய நேரம் வந்தது. ராஜமதி வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளையின் தகப்பனார் தர்மதாஸ் நயினார் முன் நீட்டினாள்.

"அண்ணா, மொதல்ல நீங்க எங்க ஊட்டுக்காரருக்குப் பூசுங்க. உங்க கையாலதான் ஆரம்பிக்கணும்."

தர்மதாஸ் நயினார் குளிர்ந்துபோனார். கஞ்சத்தனம் இல்லாத மனுஷர். கன்னம், கழுத்து, இரண்டு கை, மேல்துண்டை விலக்கி மார்பு என்று அப்பிவிட்டு, "வாசனை பிரமாதம் சம்பந்தி!" என்றார். அவர் கை கழுவ ராஜமதி செம்பில் தண்ணீரோடு தயாராக நின்றாள். பதிலுக்குப் பூசக் கணவர் கையில் பித்தளைக் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

சம்பந்தி பூசிய சந்தனத்தைச் சபையில் துடைக்க முடியுமா? சீதளநாத நயினார் உட்கார்ந்திருந்தார். நிச்சயப் பத்திரிகையைப் பெரியவர் ஒருவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். நயினாரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. "பொண்ண அனுப்பணும்னு நெனச்சி மனுஷன் உருகறாரு பாரு" என்று வீடூர்ப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "அழுவாதீங்க நைனா" என்று லீலாவதியும் அழுதாள். தட்டு மாறியது. நிச்சயம் நல்லபடி முடிந்தது.

வீடூர் பஸ் கிளம்பியதும் நயினார் கிணற்றடிக்கு ஓடினார். குடம் குடமாக ஊற்றிக்கொண்டு, இரண்டு கன்னமும் தடித்துச் சிவந்து திரும்பி வந்தவரை ராஜமதி நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"அடுப்புப் பக்கம் போனீங்களா?"

அவர் ஈரத் துண்டால் கன்னத்தை ஒற்றிக்கொண்டார்.

"ராத்திரி சாப்ட்டீங்களா?"

முப்பது வருஷமாக இரவில் சாப்பிடாத மனிதர் என்ன சொல்வார்? கழுத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தார். இப்போதாவது ஒத்துக்கொள்வார் என்று ராஜமதி காத்திருந்தாள். திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"அந்த வீடூர்க்காரர் கையிலதான் ஏதோ இருந்திருக்குது. இது கணக்குல சேராது."

மறுநாள் ராணிக்கோட்டை விற்பனைக்கு வந்தது. 'மேல்நாட்டு முறையில் பரிசோதிக்கப்பட்டது' என்று கடை வாசலில் பலகையும் தொங்கியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், போன மாதம் யாருக்கோ "கண்ணை மூடிக்கினு போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது, நான் கேரண்டி" என்று ஏதோ ஒன்றைச் சிபாரிசு செய்தீர்களே, அதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு சட்டைக் கையை மடித்து உங்கள் முன்கையைப் பாருங்கள். ஒரு வடு, ஒரு சிவப்பு, ஒரு கீறல்? ஒன்றும் இல்லையா? பளபளவென்று இருக்கிறதா?

அப்படியென்றால் நயினாருக்கு நீங்கள் நெருங்கின சொந்தம்தான்.