ஆடுகளுக்கு மூன்று ஷிப்டு

நான் சொன்னதை மாணவர்கள் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். அதனால்தான் எனக்கு வேலை போனது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. என் மனைவி ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்போது தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். பெங்களூரில் தாவரவியல் படித்துவிட்டு வந்த திமிர் உடம்பெல்லாம் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் இருந்த திடலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு ஆடுகள் பத்துப் பதினைந்து மேயும். மேய்ச்சல் நிலத்தைப் பராமரிப்பது எப்படி என்று அந்தத் திடலிலேயே ஏழாம் வகுப்புக்குச் செய்து காட்டுவதாகத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று, ஆண்டர்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த வருங்கால மாமனார் சொல்லியிருந்தார். ஆக, என் கல்யாணம் புல் வளர்வதைப் பொறுத்து இருந்தது.

“புல்லுக்கும் ஓய்வு வேண்டும்” என்று தொடங்கினேன். வகுப்பு கொட்டாவி விட்டது. உடனே என் மூளை (அது அவ்வப்போது வேலை செய்யும்) ஓர் உதாரணத்தைக் கண்டுபிடித்தது.

“உங்க தாத்தாங்கள்லாம் மைன்ஸ்ல மூணு ஷிப்டு போனாங்கல்ல? அதே மாதிரிதான். திடலை மூணாப் பிரிச்சிக்கணும். ஷிப்டு போட்டு மாத்தி மாத்தி மேய விடணும். அப்பதான் ரெஸ்ட்டு கெடைக்கும்.”

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. வகுப்புத் தலைவி செல்வி, “புரிஞ்சிச்சி சார், நாங்க பாத்துக்கறோம்” என்றாள். அந்த நிம்மதியில் நான் ஆறு வாரப் பயிற்சிக்குப் பெங்களூர் போய்விட்டேன்.

திரும்பிய அன்று அதிகாரியும் அதே ரயிலில் வந்தார். ஸ்டேஷனிலிருந்து பள்ளி வரைக்கும் புல் வகைகளைப் பற்றி அவருக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினேன்.

திடலில் ஆடுகள் இருந்தன. எண்ணி மாளாத ஆடுகள். தள்ளி இருந்த பாலகாட்டு லைன்களிலிருந்துகூட வந்திருந்தன. செல்வி கையில் வருகைப் பதிவேடு. அவள் விசில் ஊதினாள். உள்ளே இருந்தவை வரிசையாக வெளியே வர, காத்திருந்தவை வரிசையாக உள்ளே போயின. புல்தான் இல்லை. என் தலை இப்போது எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தது திடல்.

“ஹுல்லு எல்லி?” என்றார் அதிகாரி. (புல் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் செல்வியிடம் தள்ளிவிட்டேன்.)

“இன்னா செல்வி இது?”

“நீங்க சொன்னதுதான் சார். காலைல ஃபர்ஸ்ட் ஷிப்டு, மத்தியானம் செகண்டு, சாயங்காலம் தேர்டு. மூணு பங்குலயும் எந்நேரமும் ஆடு இருக்கும். எந்த ஆட்டுக்கும் ஓவர்டைம் கெடையாது. எல்லாத்துக்கும் ரெஸ்ட்டு இருக்குது.”

“ஆட்டுக்கு இல்லம்மா, நெலத்துக்குத்தான் ரெஸ்ட்டு!”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நெலத்துக்கு எதுக்கு சார் ரெஸ்ட்டு? மைன்ஸ்ல எறங்குற ஷாஃப்டு ஒரு நாளும் நின்னது இல்லன்னு எங்க தாத்தா சொல்லும். ஆளுங்கதான் மாறுவாங்களாம்.”

என் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். ஷிப்டு என்றால் ஓய்வு ஆளுக்குத்தான், குழிக்கு இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

‘ஆடுகள் அனைத்தும் ஆஜர், புல் ஆப்சென்ட்’ என்று அதிகாரி அறிக்கை எழுதினார். வேலை போயிற்று. வேறு வேலை கிடைத்துக் கல்யாணம் நடக்க ஒரு வருடமானது. சிரித்து முடிக்கவே தனக்கு அந்த ஒரு வருடம் தேவைப்பட்டது என்கிறாள் மனைவி.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை. முதலில் பிள்ளைகள், அப்புறம் மாமனார், கடைசியில் நான். ஒருநாள் நான் ஆறாவது தோசை கேட்டபோது, அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, நெலத்துக்கு ரெஸ்ட்டு வேணும்னு பாடம் எடுத்தது நீங்கதான?”

மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை எட்டரைக்கு என் சின்ன மகள் விசில் ஊதுவாள். மனைவி வெளியே வந்து இலை முன்னால் உட்காருவாள். நான் தோசைக் கரண்டியோடு உள்ளே இறங்குவேன்.