மூச் சாரின் காது

"ஒங்கிட்ட ஒரு விசயத்தச் சொன்னா, டீ ஆறுற வரைக்குமாவது நிக்குமாடி?" என்று எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் மலர் அக்கா ஒருமுறை என்னைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. என்னிடம் சொல்ல வந்ததை என் கண் முன்னாலேயே மூச் சாரின் காதில் போய்ச் சொன்னார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மூச் சாருக்குத் தெரியாத ரகசியம் ஒன்று இருந்தால், அது இன்னும் நடக்காததாகத்தான் இருக்கும்.

அன்னவாசல் பக்கம் ஓர் அரசு அலுவலகம். எதுவென்று சொல்லமாட்டேன், அவரிடம் அந்த அளவுக்காவது கற்றுக்கொண்டேன். அங்கே நான் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் தற்காலிக ஊழியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள், பட்டம் வாங்கிய முதல் ஆள், இரண்டும் நான்தான். மூச் சார் அங்கே உதவியாளர். எதைக் கேட்டாலும் உதட்டில் விரலை வைத்து "மூச்!" என்பார், பெயர் அப்படித்தான் வந்தது. நாளைக்கு லீவா? மூச். இன்றைக்கு என்ன குழம்பு? டிபன் பாக்ஸ் மூடியை மறைப்பாக நிறுத்திக்கொண்டு, மூச். அறிவிப்புப் பலகையில் காகிதத்தைக்கூட எழுத்து உள்பக்கம் போகும்படிதான் ஒட்டுவார்.

"சார், இப்புடி ஒட்டுனா யாரு படிப்பா?"

"ஒட்டணும்னுதாம்மா உத்தரவு. படிக்கணும்னு இல்லையே."

இப்படிப்பட்ட மனிதரைக் கண்டால் ஊர் ஒதுங்கிப் போக வேண்டாமா? வரிசை கட்டி வந்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு கிளம்பியதும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் வந்தார்கள், காலையில் ஒருவர், மத்தியானம் மற்றவர். "அவங்களோட கூட்டுப் பேசிக்கிட்டிருக்கோம், வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்ங்க" என்று இருவரும் ஒரே செய்தியை ஒரே காதில் போட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கும் மூச், இவருக்கும் மூச்.

நான் மூன்றடி தள்ளி, பட்டமும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, "சார் எங்கம்மா?" எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் என் அம்மாவே வந்தார், பையில் வறுத்த கடலையோடு. எனக்குத்தான் என்று எழுந்தேன். என்னைத் தாண்டிப் போய், கடலையை அவர் மேசையில் வைத்து, அவர் காதைக் கடிக்க ஆரம்பித்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கும் சேதி மறுவாரம்தான் எனக்குத் தெரிந்தது. என் கல்யாணம், அவருக்கு முதலில்!

ஆவுடையார்கோவில் பக்கத்து இடம். கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சை, வேலை, எதுவும் கூடாதாம். நானோ யாருக்கும் தெரியாமல் அரசுத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். இந்த இடம் அமைந்தால் அத்தனையும் போச்சு.

பெண் எப்படி என்று வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பது வழக்கமாயிற்றே. நான் லீவில் இருந்த நாளாகப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். வேறு யாரிடம் போவார்? நடந்ததை மலர் அக்கா பிறகு நடித்தே காட்டினார்.

"பொண்ணு எப்புடிங்க?"

மூச் சார் வாசலைப் பார்த்தாராம். ஜன்னலைப் பார்த்தாராம். விரலை உதட்டில் வைத்து, "மூச்!"

"என்னங்க… எதுவும் ஏடாகூடமா?"

"என் வாயால வராதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

அந்த மனிதர் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்துப் பறந்துவிட்டாராம். அன்று மாலையே இடம் வேண்டாமென்று சேதி வந்தது, வீட்டில் அம்மா ஆடித் தீர்த்தார். "அந்த மனுசனே வாயத் தொறக்கலன்னா, நீ அப்புடி என்னடி பண்ணி வச்சிருக்க?"

மறுநாள் நேரே அவர் மேசைக்குப் போனேன். "சார், என்னயப் பத்தி என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலம்மா."

"அதான் சார் வினையே!"

மலர் அக்காவும் சேர்ந்துகொண்டார். "என்னயப் பத்தி விசாரிக்க வந்தப்ப 'தங்கமான பொண்ணுங்க'ன்னு ரோடு வரைக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்களே சார்? இவளுக்கு மட்டும் என்னவாம்?"

மூச் சார் எழுந்து வந்து, முதன்முறையாக என் காதருகே குனிந்தார். "எல்லாரும் சாப்புடப் போனதும் கம்ப்யூட்டர்ல நீ என்ன பரீட்சைக்குப் படிச்சேன்னு எனக்குத் தெரியாதாம்மா? மூச்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. என் ரகசியம்கூட, நான் சொல்லாமலே, இவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதே!

"என்னடி சொன்னாரு? என்னடி சொன்னாரு?" என்று அன்று முழுக்க மலர் அக்கா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏங்குவது இவ்வளவு சுகமா! இத்தனை வருடமும் இதை இந்த மனிதர் தனியாக அல்லவா அனுபவித்திருக்கிறார்?

தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். சென்னைக்குப் போய், கலந்தாய்வில் எனக்குப் பிடித்த ஊரைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியும் கையுமாக அலுவலகத்துக்குப் போனேன். மூச் சாருக்கு முன்னால் யாரோ குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை நின்றேன். பிறகு நானும் குனிந்து, எந்த ஊர் என்பதை முதலில் அவர் காதில் சொன்னேன்.