சம்மன் அங்கிளும் என் காற்றுமணியும்

சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் தம்போயில் எங்கள் வரிசை வீடுகளில் சம்மன் அங்கிள் வழக்குப் போடாத ஒரே ஆள் தபால்காரர்தான். அவரையும் பகைத்துக்கொண்டால் கோர்ட்டுக் கடிதங்கள் எப்படி வந்து சேரும்?

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் ஆர்க்கிட் வளர்ப்பார்கள். இவர் மனு வளர்த்தார். சின்ன வழக்குகளுக்கு வக்கீல் தேவையில்லை என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தார்கள். முனைக் கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் பாதி நுரை என்று ஸ்கேல் வைத்துப் படமெடுத்து ஒரு வழக்கு. இரண்டு கிருதாவும் ஒரே உயரத்தில் இல்லை என்று முடிதிருத்துபவர் மேல் இன்னொன்று. சாட்சியம் அழிந்துவிடக் கூடாதென்று நாலு மாதம் கத்தரி படாமல் இருந்தார். விசாரணையன்று கிருதாவைக் காணவில்லை, தாடிதான் இருந்தது.

என் முறை தீபாவளியன்று வந்தது. தட்டில் மேலே முறுக்கு, கீழே சம்மன்.

"முறுக்கு ஆன்ட்டி குடுத்தாங்க. அடியில இருக்கிறது நான் குடுக்கிறது."

"நான் என்ன அங்கிள் செஞ்சேன்?"

"உன் வாசல்ல தொங்குதே காற்றுமணி, அதால மத்தியானம் கண்ணை மூட முடியல. முதல்ல முறுக்கைச் சாப்பிடு, நமுத்துப் போயிரும்."

விசாரணை நாளன்று காலையில் வாசலில் ஹார்ன் சத்தம். எதிராளியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போவது அவர் வைத்திருந்த ஏற்பாடு. "ரெண்டு கார் எதுக்கு லா? அங்க பார்க்கிங் கிடைக்காது." வழியில் ரொட்டி சானாய். சாப்பிடும்போதே எனக்குப் பயிற்சி.

"காத்து அடிக்கிறதுக்கு நான் எப்படிப் பொறுப்புன்னு கேளு. என் கேஸ் அங்கதான் வீக்கு."

கை துடைக்கும் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதியவன் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கோர்ட்டில், என் மணியோசையை நாற்பது நிமிடம் போனில் பதிவுசெய்திருப்பதாகவும் முழுவதையும் கேட்டே ஆகவேண்டும் என்றும் அங்கிள் பிடிவாதம் பிடித்தார். மாஜிஸ்திரேட் அம்மா பொறுமைசாலி, கேட்டார். இருபதாவது நிமிடத்தில் மூலையில் நின்ற காவலர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த ஓசையில் மனிதனால் தூங்கவே முடியாது என்ற வழக்கு பாதி உயிரை அங்கேயே விட்டது. மீதி விசாரணை மதியத்துக்குத் தள்ளிப்போனது. மற்ற வழக்குகளுக்கெல்லாம் வேறு தேதி.

வெளியே பெஞ்சில் மேரி அக்கா என்று ஒருவர். லாயாங் லாயாங்கிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். மடியில் துணி சுற்றிய தையல் இயந்திரம். வாங்கிய வாரமே நின்றுபோனதாம், கடைக்காரன் மாற்றித் தரமாட்டேன் என்கிறானாம்.

"மூணாவது தடவை திருப்பி அனுப்புறாங்கய்யா. கிறிஸ்மஸ் உடுப்பெல்லாம் தைக்காம அப்படியே கெடக்கு. உள்ள என்ன, கொலைக் கேஸா?"

அங்கிள் கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"இல்லம்மா. மணி."

திரும்ப உள்ளே போனார். வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தார். மேரி அக்காவை லாயாங் லாயாங் வரை கொண்டுபோய் விட்டோம்; பின்சீட்டில் தையல் இயந்திரம் என் மடியில். அடுத்த தேதிக்கும் அங்கிளே போய்க் கூட்டி வந்தார், வழியில் ரொட்டி சானாயோடு பயிற்சியும் கொடுத்தார். கிறிஸ்மஸுக்கு முன்பே புது இயந்திரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கிள் தனக்கென்று ஒரு வழக்கும் போடவில்லை.

வழக்கு வாபஸான அன்று மாலையே நான் காற்றுமணியைக் கழற்றினேன். அதற்கும் வேலியோரம் வந்து நின்றார். "ஜெயிச்சவன் எதுக்குடா கழட்டுற?"

போன வருடம் அங்கிள் காலமானார். ஆன்ட்டி மகளோடு தெப்ராவுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள், மிக நல்லவர்கள், எதற்கும் கோபப்படுவதில்லை.

காற்றுமணியை மறுபடி மாட்டியிருக்கிறேன், அவருடைய ஜன்னலுக்கு நேராக. மத்தியானம் காற்றடித்து அது குலுங்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறேன். ஒரு ஹார்ன் சத்தம் கேட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.