புலி என்று மெல்லச் சொன்னேன்

ஒருவன் கையில் முதன்முதலாக ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால், அவன் மூளை சில நாட்களுக்கு விடுப்பில் போய்விடுகிறது. என் கையில் கொடுத்தது இரண்டு பல் உள்ள ஓர் இரும்புக் கவை. முழங்காலில் தட்டினால் ‘ஙொய்ங்’ என்று பாடும். அதை நோயாளியின் காதருகே பிடித்தால் அவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அந்தக் கவையைத் தொட்ட நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. (அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். சிரிக்காதீர்கள்.)

கவைக்குச் சொந்தக்காரர் ஜொகூர் பாருவிலிருந்து வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர். மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து தோட்டத்தில் எல்லோரும் கொயினா மருந்து குடித்த காலம் அது. குடித்தால் காதுக்குள் வண்டு கத்தும். சிலருக்குக் காதே மந்தமாகிவிடும். யாருக்கு எவ்வளவு மந்தம் என்று ஆராய டாக்டருக்கு ஆசை. ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் ‘நாக்கை நீட்டு’, ‘புலி’, அவ்வளவுதான். (அந்நாளைய ஜொகூரில் ரப்பர்க் காட்டுக்குள் நடமாடிய யாரும் இரண்டாவது சொல்லைக் கற்காமல் தப்ப முடியாது.) அதனால் என்னைப் பழக்கினார்.

“சோதனையை ஒழுங்காகச் செய்து காட்டு. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் காது வைத்தியப் பகுதியில் உன்னைச் சேர்த்துவிடுகிறேன்” என்றார் இங்கிலீஷில். அடடா, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! தோட்டத்து ஆடுமாடுகள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றின் காதிலும் கவையை வைத்துப் பழகினேன். ஒரு மாடு உதைத்தது. அதற்கு நன்றாகவே காது கேட்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

சோதனை நாளன்று ரப்பர்ப் பால் நிறுத்து முடித்ததும் ஆஸ்பத்திரி வாசலில் சனங்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். டாக்டர் நாற்காலி போட்டு அமர்ந்தார். முதலில் கவை. ஓர் அம்மாவின் நெற்றியில் வைத்து, “எந்தக் காதுல கேக்குது?” என்றேன். “நெஞ்சுல கேக்குது சாமி” என்று கவையைக் கும்பிட்டாள். சரி, இது பரவாயில்லை.

அடுத்தது மெல்லிய குரல் சோதனை. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று ஒரு சொல்லைக் காதோடு பேசுவதுபோல் மெல்லச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொன்னால் காது நல்ல காது. முதலில் வந்தவள் பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும், செல்லம்மா.

“வாளி” என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். எங்கே போனாள் என்று டாக்டரும் நானும் முழித்துக்கொண்டிருக்கையில் ஒரு வாளியோடு திரும்பி வந்தாள்.

“இந்தாங்க. கழுவித்தான் கொண்டாந்தேன்.”

“வாளி வேணாம்மா. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லணும்.”

“ஐயையோ! ஆஸ்பத்திரிக்காரங்க சொல்றத அப்படியே திருப்பிச் சொன்னா பழிப்புக் காட்டுற மாதிரி ஆகாதுங்களா? நான் மாட்டேன்பா!”

அவளுடைய மரியாதை வரிசை முழுவதற்கும் தொற்றிக்கொண்டது. ‘பாய்’ என்றால் பாய் வந்தது. ‘விறகு’ என்றால் விறகு வந்தது. ‘கோழி’ என்று சொல்லியிருக்கவே கூடாது. துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, “நீ காதைச் சோதிக்கிறாயா, வீடு மாற்றுகிறாயா?” என்று கேட்டார். அவர் குரலில் பாரு ஆஸ்பத்திரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மூளையில் அந்த மின்னல் வெட்டியது. யாராலும் போய் எடுத்துவர முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டால்? (இன்றைக்கும் அந்த யோசனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.)

அடுத்து வந்தவர் செல்லம்மாவின் அப்பா முனியாண்டி. தோட்டமே அறிந்த செவிடர். வேலை வாங்கும் மண்டோர் காதருகே நின்று கத்தினாலும் கண்ணிமைக்க மாட்டார். டாக்டரின் ஆராய்ச்சிக்கே அவர்தான் மூலதனம். கவையை வைத்தேன், அசையவில்லை. டாக்டர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். நான் பின்னால் தள்ளிப் போய் நின்று, மூச்சை இழுத்து, மிக மிக மெல்லச் சொன்னேன்.

“புலி.”

முனியாண்டி உட்கார்ந்திருந்த முக்காலி மட்டும் அங்கே இருந்தது.

“புலிடோய்! ஓடுங்க, ஓடுங்க!”

அவ்வளவுதான். வரிசை கலைந்தது. வாளி உருண்டது. கோழி பறந்தது. “அலமாக்!” என்று அலறிய மண்டோர் விறகுக் கட்டு தடுக்கி விழுந்து எழுந்து ஓடினார். டாக்டர் தமக்குத் தெரிந்த தமிழ் காதில் விழுந்ததும் மருந்து அறைக்குள் பாய்ந்து தாழிட்டுக்கொண்டார். உள்ளே கொயினா ஜாடி உடையும் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? நானும் ஓடினேன். சத்தியமாக ஓடினேன். தோட்டமே அலறும்போது, அந்தப் புலி என் வாயிலிருந்து வந்த புலி என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்? உண்மையிலேயே ஒன்று வந்துவிட்டது என்று நம்பி, பால் கொட்டகைக் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார்.

“போயிடுச்சா தம்பி?” என்று கிசுகிசுத்தார் முனியாண்டி.

“தெரியல மாமா” என்று நானும் கிசுகிசுத்தேன்.

“எந்தப் பக்கம் வந்துச்சு?”

“நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?”

“நீதானேய்யா சொன்ன!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் புலி போய்விட்டது. அவருக்குச் செவிடு போய்விட்டது.

“மாமா, உங்களுக்கு நல்லாக் காது கேக்குதே!”

“சத்தம் போடாத. அந்த மண்டோர் வாயில வர்ற பேச்சைக் கேட்டுக்கிட்டு மனுசன் வேல செய்ய முடியுமா? செவிடா இருக்கப் போய்த்தான் நிம்மதியா மரம் வெட்டறேன். சொல்லிடாதய்யா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் முதலில் ஓடியவரை ஊரே பார்த்திருக்கிறதே! கீழே இறங்கியதும், உடம்பெல்லாம் கொயினா தூளோடு நின்ற டாக்டர், “அந்தச் செவிடனுக்கு எப்படிக் கேட்டது?” என்றார். முனியாண்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் சட்டென்று, “பயத்தில் காது திறந்துகொண்டது ஐயா. குணமாகிவிட்டார்” என்றேன். பொய் சொல்லிப் பிடிபட்ட அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

டாக்டர் நம்பிவிட்டார். எல்லோர் முன்னாலும் முனியாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மண்டோருக்கும் தாங்க முடியாத சந்தோஷம். இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கே திட்டத் தொடங்கிவிட்டார். முனியாண்டி அவற்றைக் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்த பார்வைக்குப் புலியே தேவலை.

டாக்டர் வாக்குத் தவறவில்லை. என்னைப் பாருவுக்கு அழைத்துப் போனார். ஆனால் கண் வைத்தியப் பகுதிக்கு. “அங்கே நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை” என்றார். ஓய்வு பெறும்வரை கண்ணுக்குச் சொட்டு மருந்துதான் விட்டேன்.

பிறகு செல்லம்மாவைப் பெண் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். (வாளியைக் கழுவிக் கொண்டுவந்தவளை எப்படி மறப்பது?) முனியாண்டி காதருகே கையைக் குவித்து, “என்ன? கேக்கலையே” என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். “இன்னும் கொஞ்சம்.” கடைசியில் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, “ஒங்க மகள எனக்குக் கட்டிக் குடுங்க மாமா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளேயிருந்து செல்லம்மா, “போதும்ப்பா, செடெனாக் ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்!” என்றாள். அப்புறம்தான் அவருக்குக் காது கேட்டது.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு ஒரு கஷ்டம். இப்போது எனக்கு உண்மையிலேயே காது மந்தம். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. பிள்ளைகள் செல்லம்மாவை ஏவிவிட, அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஏதோ சொல்கிறாளாம். என்ன சொல்கிறாள் என்று சத்தியமாக எனக்குக் கேட்பதில்லை. பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். நான் ஓடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவள் முன்னால் வந்து என் முகத்துக்கு நேரே உரக்கச் சொல்கிறாள்: “எங்கப்பாவ விட நல்லாவே நடிக்கிறீங்க.”