முப்பத்தேழு பச்சை, இரண்டு சிவப்பு

ஃபார்ம் வாத்தியார் என்றோர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘புரிஞ்சுதா?’ என்று வாயால் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இணையப் படிவத்தில் பத்துக் கேள்வி போட்டு, பிள்ளைகள் வீட்டுப் போனுக்கு அனுப்பி, வந்த விடைகளைப் பச்சை, சிவப்பு என்று பிரித்து, பச்சைக்குக் கடினக் கணக்கும் சிவப்புக்கு எளிய கணக்கும் கொடுத்து, ‘அவரவருக்கு ஏற்ற கல்வி’ என்று ஆசிரியர் அறையில் போனை நீட்டி நீட்டிக் காட்டுவார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

திண்டிவனம் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் கோதண்டபாணி இந்த இனத்தில் அசல். 2018இல் அவர் அனுப்பிய சதவீதப் படிவத்தில் முப்பத்தேழு பேர் முழு மதிப்பெண். வட்டப்படத்தில் சிவப்பு ஒரு கீற்றுதான். அதில் முதல் பெயர் பானுப்ரியா, நாலு மார்க். அதற்குக் கீழே அவர் பார்க்கவில்லை. வட்டப்படம் அவ்வளவு அழகாக இருந்தது. அவளுக்கு மட்டும் ஆறாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தார்.

நாலாம் நாள் அவள் அப்பா பெரியதம்பி வந்து நின்றார்.

“என்னா சார், எம் பொண்ணுக்கு மட்டும் சின்னப் புள்ளைங்க கணக்காமே? எல்லாம் சிரிக்குதுங்களாம். இஸ்கூலே வாணாம், கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு வூட்டோட இருக்கறேன்னுது. நெசமாவே அதுக்குப் படிப்பு ஏறாதா சார்?”

கோதண்டபாணி போனைத்தான் நீட்டினார்; இனத்தின் குணம் அது. “நானா சொல்லலைங்க, ஃபார்ம் சொல்லுது. முழு மார்க் வாங்கினவன் எப்படிப் போடறான், நீங்களே பாருங்க” என்று தேவாவைக் கூப்பிட்டு, பலகையில் ஒரு கணக்கை எழுதினார். தேவா சாக்பீஸும் கையுமாக நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“சார், அனுப்பி முடிச்சதும் சரியான விடைய அதுவே காட்டுது சார். அதப் பாத்து எல்லாருக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன்.”

“பானுப்ரியாவுக்கு?”

“அது வாணான்னுடுச்சி சார். தானே போட்டுக்கறேன்னுச்சி.”

“விடை பாக்க மொதல்ல யார் பேர்ல போட்ட?”

தேவா தரையைப் பார்த்தான். “உங்க பேர்ல சார். ரெண்டு மார்க்குதான் வந்துச்சி.”

கீழே தள்ளிப் பார்த்தார். சிவப்பில் இரண்டாவது பெயர், கோதண்டபாணி. போனைப் பையில் போட்டுவிட்டுப் பெரியதம்பியிடம் திரும்பினார்.

“தப்பு என்னுதுங்க. நாளைக்கு அனுப்பி வையுங்க. சிரிக்கறவங்க என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்.”

மறுநாள் வகுப்பே பார்க்க, சிவப்புப் பிரிவின் இரண்டு பேரும் முதல் பெஞ்சில் அருகருகே உட்கார்ந்தார்கள். “எந்த எடத்துல நின்னுட்ட, சொல்லும்மா” என்று அந்த வருஷத்தில் முதன்முறையாக வாயால் கேட்டார். அவள் சொன்னாள். அரை நிமிடம்தான் ஆயிற்று.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சரி, இது புரிந்ததா? ஆம், இல்லை, ஓரளவு. மனசுக்குள் ஒன்றை டிக் அடித்துவிட்டீர்களா? வாருங்கள், முதல் பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது.